தேயிலைத் தங்கச்சி

சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம் தானா ராத்தா கடைத்தெருவில் செடிச் சந்தை கூடும். எங்கள் மலையில் மழை உண்டு, பனி உண்டு, கொஞ்சம் வெயில் உண்டு. வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் சீனர்களுக்கு அது வசந்தப் பெருநாள். கோலா தெர்லாவிலிருந்து லோரி லோரியாகச் சாமந்தியும் டேலியாவும், குட்டி ஆரஞ்சு மரங்களும் வந்து இறங்கும். 1974இல் அந்தச் சந்தைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் வேலாயி அக்கா.

நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தைப்பிங்கில் பிறந்தவள். எனக்குக் குளிர் பிடிக்காது, சேறு பிடிக்காது, யாராவது சும்மா பேச்சுக் கொடுத்தால் அதுவும் பிடிக்காது. இருபத்து நான்கு வயதிலேயே அவ்வளவு சிடுசிடுப்பு. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அடுத்த வீடு வேலாயி அக்காவுடையது. நான் வந்த இரண்டாம் நாளே, கேட்காமல் கொள்ளாமல் என் வாசலில் இரண்டு பால்மாவு டின்களில் ரோஜாப் பதியன் வைத்துவிட்டு, "டீச்சர் வூட்டு வாசலு மொட்டையா கெடந்தா புள்ளைங்க எப்படிப் படிக்கும்?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ரோஜா பூத்துவிட்டது, அப்புறம் என்ன செய்ய?

அவளுக்குச் செடிப் பைத்தியம். துரை பங்களா வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்தக் குச்சியும் அவளிடமிருந்து தப்பாது. விளக்குமாற்றுக் குச்சியை நட்டாலும் துளிர்க்கும் கை என்று லயத்தில் சொல்வார்கள். பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள். புருஷன் ரெங்கசாமி குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர். வேலை பெர்மிட் கிடைக்காமல் எழுபதில் கப்பலேறி ஊருக்குப் போனார். ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. மகள் தாமரைக்கு அப்போது பத்து வயது. அக்கா யாரிடமும் போய் அழவில்லை. வாசலில் டின்கள்தான் கூடிக்கொண்டே போயின.

சந்தையில் அவள் சாமந்தியையோ டேலியாவையோ பார்க்கவில்லை. அவையெல்லாம் அவளிடமே இருந்தன. ஓரமாக ஒரு சீன அம்மா, கோணியின் மேல் நாலைந்து செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்றின் முன்னால் அக்கா குந்திவிட்டாள்.

"டீச்சர், இங்க வாங்களேன். இந்த எலையப் பாருங்க. நம்ம கொழுந்துச் செடிதானே இது?"

எனக்குத் தேயிலைக்கும் கொய்யா இலைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தச் செடியின் நுனியில் ஒரு பூ இருந்தது. உள்ளங்கை அகலம், நல்ல குங்குமச் சிவப்பு, அடுக்கடுக்காக இதழ். கமேலியா என்று அதற்குப் பெயர் இருப்பதும், அது உண்மையிலேயே தேயிலையின் உறவுதான் என்பதும் பல வருடம் கழித்து ஏதோ ஒரு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

"முப்பது வருசமா தேயிலயக் கிள்ளுறேன். அதுக்கு இப்பிடி ஒரு தங்கச்சி இருக்கான்னு எவளும் சொல்லலியே!"

தைப்பூசத்துக்குச் சேலை எடுக்க வைத்திருந்ததை அப்படியே எடுத்து நீட்டிவிட்டாள். நான் தடுத்துப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? சீன அம்மா செடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, விரலை ஆட்டி மலாயில், "ஜாங்ஙான் காச்சாவ்" என்றார். தொந்தரவு பண்ணாதே, சும்மா விடு என்று அர்த்தம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"செடியத் தொடாம எப்படி லா வளக்குறது? யாருகிட்ட வந்து சொல்லுது பாருங்க."

அந்தப் பூ பஸ்ஸிலேயே உதிர்ந்துவிட்டது. அவள் கவலைப்படவில்லை. வாசலுக்கு நேரே, டின்னில் இல்லாமல் மண்ணிலேயே குழி எடுத்து நட்டாள். சாம்பல், சாணி, மக்கிய தேயிலைத் தூள் எல்லாம் போட்டாள். மூன்று மாதத்தில் அது தழைத்துக்கொண்டு கிளம்பியது. அடுத்த பெருநாளுக்குப் பூக்கும் என்றாள். பூக்கவில்லை. புது இடம், அதற்கடுத்த வருடம் பூக்கும் என்றாள். அப்போதும் இல்லை.

எதிர்வீட்டு மணியம்மாவுக்குக் கேலி பேசாவிட்டால் சோறு இறங்காது. "என்னா வேலாயி, ஒன் தங்கச்சி இன்னும் வயசுக்கு வரலியா? எப்பத்தான் பந்தல் போடப் போறே?" என்று வருடா வருடம் கேட்பாள். அக்காவும் விடமாட்டாள். "வருவா வருவா. ஒனக்குத்தான் மொதப் பத்திரிகை."

வாசலில் நின்று இப்படிப் பேசும்போதெல்லாம் அக்காவின் கை சும்மா இருக்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செடியின் மேல் ஓடி, புதிதாக எழும்பிய குருத்துகளை டக் டக்கென்று கிள்ளிப் போடும். கண் அங்கே இருக்காது. சாமந்தியையும் அப்படித்தான் கிள்ளுவாள். கிள்ளக் கிள்ள அது பக்கத்தில் கிளைத்து, கூடை கூடையாகப் பூக்கும். அந்தச் செடி மட்டும் அடர்ந்து, மேலே மேசை போல் மட்டமாக நின்றது. சுற்றியுள்ள மலை முழுக்க அப்படி மட்டமான செடிகள்தானே. எங்கள் யாருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேயிலைக்குச் செய்வது போல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவ்வாத்தும் பண்ணினாள். "கெழட்டுக் கெளையப் போக்குனாத்தான் ரத்தம் ஊறும்" என்று வெட்டுவாயில் சாணியைப் பூசினாள். அவ்வளவு அக்கறை.

பிறகு தோட்டத்தில் கையால் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டுக் கத்தரியைக் கொடுத்தார்கள். அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "ஆட்டு மயிர வெட்டுற மாரி வெட்டச் சொல்றானுங்க" என்று திட்டிக்கொண்டே வருவாள். வந்ததும் வாசலில் நின்று தங்கச்சியைக் கிள்ளுவாள். நாள் முழுக்க வேலையில்லாமல் கிடந்த விரல்களுக்கு அங்கேதான் வேலை.

தாமரை கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். மணியம்மா கேலியை நிறுத்திவிட்டு ஒருநாள் பட்டென்று சொல்லிவிட்டாள்: "அது மலடுடி. வெட்டிப் போட்டுட்டு முருங்க வெய்யி." அன்று அக்கா அவளோடு சண்டை போட்டாள். நான் வந்த பதினோரு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து கேட்டது அந்த ஒரு நாள்தான்.

அம்பத்தைந்து வயதானால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். தோட்டத்துச் சட்டம் அது. நாற்பது வருடம் கிள்ளிய கை என்று யாரும் கூடுதலாக ஒரு பெருநாள் இருக்கவிடப் போவதில்லை. அக்காவின் முறை எண்பத்தைந்து மார்ச்சில் வந்தது. செடியைத் தன்னோடு கொண்டுபோகவும் முடியாது. கிள்ளான் வெயிலில் அது வெந்துவிடும் என்று அவளுக்கே தெரியும்.

அந்த வருடப் பெருநாளுக்கு முந்தின வாரம், "ஒரு பூவு, டீச்சர். ஒண்ணே ஒண்ணு. பாத்துட்டேன்னா எறங்கிப் போயிடுவேன்" என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி செடிச் சந்தைக்குப் போனேன். அந்தச் சீன அம்மாவைக் கண்டுபிடித்தால் காரணம் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. மழை தூறிக்கொண்டிருந்தது. சந்தையை மூன்று சுற்று சுற்றினோம். அந்த இடத்தில் ஒருவன் பிளாஸ்டிக் தொட்டியில் கள்ளிச்செடி விற்றுக்கொண்டிருந்தான். சீன அம்மா செத்து நாலு வருடமாயிற்றாம். அந்தச் செடியைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் இப்போது யாரும் வாங்குவதில்லை என்றான். அக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

லோரியில் சாமான் ஏற்றிய அன்று, செடியிடம் போய் நின்றாள். "நீயும் ஏமாத்திட்டே, போ" என்றாள். யாரோடு சேர்த்து 'நீயும்' என்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

அந்த வீட்டுக்குப் புதிதாக யாரும் குடிவரவில்லை. லயமே பாதி காலி. எண்பத்தேழு தொடக்கத்தில், பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் பள்ளிக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா வீட்டு வாசல் முழுக்கச் சிவப்பு. மட்டமாக இருந்த செடி நெஞ்சளவுக்கு வளர்ந்திருந்தது. வளர்ந்த கிளை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பூ. மணியம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு, வாயில் அடித்துக்கொண்டாள். "பாவி, இப்பவா?"

அந்த வாரமே லயத்தில் காலியாகக் கிடந்த வீடுகளை இடிக்க டிராக்டர் வந்துவிட்டது. லோரிகள் நிறுத்த இடம் வேண்டுமாம். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய்க் கத்தினேன். "ஒரு செடிக்காகவா டீச்சர்?" என்றார், பாவம், அவரும் என்ன செய்வார். வேரோடு பிடுங்கிச் சாய்த்த செடியிலிருந்து பூவும் மொட்டுமாக மூன்று கிளைகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். பெருநாள் விடுமுறைக்குத் தாப்பாவுக்கு இறங்கி, கோலாலம்பூரில் பஸ் மாறிக் கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். செடி போனதை மட்டும் சொல்லப் போவதில்லை. பூவைக் காட்டினால் போதும். இவ்வளவுதான் என் அறிவு.

தாமரையின் வீடு அடுக்குமாடியில் நாலாவது மாடி. அவள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா இளைத்திருந்தாள். துணியைப் பிரித்தேன். அவள் சட்டென்று தொடவில்லை.

"டீச்சர்... இது தங்கச்சியா?"

"உங்க தங்கச்சிதான்க்கா. வயசுக்கு வந்துட்டா."

சிரித்தாள். பூவை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

கொழுந்துக்காரியாயிற்றே, அடுத்துக் கிளையைப் பார்த்தாள். அடியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அடியில் அவள் கிள்ளிய தழும்புகள் முடிச்சு முடிச்சாக இருந்தன. அதற்கு மேல் ஒரு முழ நீளம் தழும்பே இல்லாத தண்டு. அதன் நுனியில் பூ. மூன்று கிளையையும் அப்படிப் பார்த்தாள்.

"நான் வந்ததுக்கப்புறம் யாரும் தொடலியா?"

"இல்லக்கா, வீடு பூட்டித்தானே கெடந்துச்சு" என்றேன். எனக்கு இன்னும் புரியவில்லை.

"நுனியிலதான் பூக்குது, டீச்சர்" என்றாள். கிளையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் சீனத்தி சொன்னா. காச்சாவ் பண்ணாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னா" என்றாள். பிறகு வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "வருசா வருசம் அது பூக்கத்தான் வந்துருக்கு. நாந்தான் கிள்ளிப் போட்டிருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்லக்கா. மண்ணு, பனி... எவ்வளவோ காரணம் இருக்கும்" என்று உளறினேன். பதினான்கு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்க்கு ஒரு உருப்படியான பொய் வரவில்லை.

"அத மலடுன்னு சொன்னதுக்கு மணியம்மாகூடச் சண்ட போட்டேன்" என்றாள். அவள் கண் நிறைந்தது. புருஷன் போனபோது அழாதவள், வீட்டை விட்டு வந்தபோது அழாதவள், அன்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அந்த வூட்டுக்கு யாராச்சும் குடி வந்தா சொல்லிடுங்க டீச்சர். தண்ணிகூட ஊத்த வேணாம். நுனிய மட்டும் தொட வேணாம்."

"சொல்றேன்க்கா" என்றேன்.

நடைபாதையில் ஒரு தொட்டியில் துளசி இருந்தது. மாடிப்படி சறுக்கும், பார்த்து இறங்குங்கள் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கை தானாகத் துளசிக்குப் போய் நுனியைக் கிள்ளிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். விரலுக்கிடையில் இருந்த அந்தத் துளிரை அவளே பார்த்தாள். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க டீச்சர்" என்றாள்.