நான் பாதியில் மூடிய புகார்

அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில், புரோகிராம் எழுதப் பழகுபவர்களுக்காக ஒரு சாஃப்ட்வேர் செய்து இலவசமாகக் கொடுத்துவருகிறேன். ஒருநாள் வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் புகார் எழுதியிருந்தார். "இன்னாய்யா சாஃப்ட்வேர் இது? எழுதுனதெல்லாம் பூடுச்சு. நீயெல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குமேல் படிக்கவில்லை. "என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் ஓடுகிறது. சும்மா தருகிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று பதில் போட்டுப் புகாரை மூடினேன்.

அடுத்த வாரம் திருவேற்காட்டில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பழுதானது. என் சாஃப்ட்வேரில் எழுதியதை நான் சேவ் செய்த அதே நொடியில் கரண்ட் போனது. வந்ததும் திறந்து பார்த்தேன். ஃபைல் காலி. இரண்டு நாள் உழைப்பு.

வெட்கத்தோடு அந்தப் புகாரைத் தேடி எடுத்தேன். திட்டுக்குக் கீழே பொறுமையாக எழுதியிருந்தார்: "சேவ் ஆவும்போது கரண்ட் கட்டானா ஃபைல் காலியாவுது. மூணு தபா மெயின் சுவிட்ச்ச அணைச்சுப் பார்த்துட்டேன்."

நான் செய்திருக்க வேண்டிய சோதனை அது. அன்றே பிழையைத் திருத்தி, எனக்கு நேர்ந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உடனே பதில் வந்தது.

"அத்த வுடு அண்ணாத்தே. உன் ஃபைலு திரும்பக் கெடச்சுதா?"

அவருடைய ஃபைலைப் பற்றி நான் இரண்டு பதிலிலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.