வெட்டு ஒன்று, அடி நான்கு

காசிமேடு, ஞாயிறு காலை ஏழு மணி. தயங்காமல் முடிவாகப் பேசுவதை 'வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு' என்கிறோம். அது மீன் சந்தையில் பிறந்த வழக்கு என்று பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நாளை அச்சுக்குப் போகிறது. நேரில் பார்த்து உறுதிசெய்ய வந்திருக்கிறேன்.

மீன் வெட்டும் ஸ்டெல்லா அக்கா வஞ்சிரத்தின்மேல் கத்தியை வைத்து, கட்டையால் நான்கு முறை அடிக்கிறார். அப்புறம்தான் ஒரு துண்டு விழுகிறது.

"ஒரே வெட்டுல ஆகாதாக்கா?"

"நடு முள்ளு கீதுல்ல நைனா! ஒரே வெட்டுன்னா என் விரலுதான் துண்டாவும்."

"அப்போ அந்தப் பேச்சு எங்கேருந்து வந்துச்சு?"

"என்னாண்ட இன்னா கேக்குற? கறிக்கடை பாயாண்ட போய்க் கேளு. பேஜாரு பண்ணாம ஓரமா நில்லு."

ஓரமாக நின்று, பேனாவை எடுத்துக் கட்டுரையை வரிவரியாக அடிக்கத் தொடங்குகிறேன். பன்னிரண்டு பக்கத்தில் மிஞ்சுவது தலைப்பு மட்டும்.