அமலியைப் பற்றிய கடிதங்கள்

பேய், முற்பிறவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் உளவியல் நடத்தியவன். இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறொருவர் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஓய்வு பெற்று நல்லூரில் குடியேறிய பிறகு, இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும், ஹிப்னாடிச சிகிச்சை செய்து பார்த்தேன். ஒருவரும் கண்ணை மூடச் சம்மதிக்கவில்லை. “ஏனுங்க சார், தூங்க வெச்சு வசியம் பண்ணிப்போடுவீங்களாமா? எங்கூட்டுக்காரரு குடிய உட்டுருவாருன்னா சொல்லுங்க, இப்பவே கூட்டியாறனுங்க” என்று எதிரே இருந்த பனியன் கம்பெனியின் சூப்பர்வைசர் பழனியம்மாள் சிரித்தார்.

அவருடைய செக்கிங் மேசையில்தான் அதைக் கவனித்தேன். பெண்களின் கைகள் தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைத் தாமாகவே வெட்டிக்கொண்டிருந்தன. வாய் மட்டும் வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. தூக்கமே வேண்டாம், பழகிய வேலையைக் கைக்குக் கொடுத்தால் ஆழ்மனம் தானே திறக்கும் என்று தோன்றியது. ஒரு பிசிறை வெட்டும்போது ஒரு வலியைச் சொல்லி உதற வேண்டும். வலியைத்தான், நினைவை அல்ல. இதுதான் என் முறை. சிலருக்கு நன்றாகவே குணமானது. உடனே புத்தகம் எழுதும் ஆசையும் வந்துவிட்டது.

புஷ்பத்தைப் பழனியம்மாள்தான் அழைத்து வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அதே கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வயது மகள் அமலி காய்ச்சலில் இறந்ததிலிருந்து சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மடியில் பனியன்களை வைத்து வெட்டிக்கொண்டே அழுதாள். எனக்கோ புத்தகத்துக்குப் பெரிய வெற்றி ஒன்று வேண்டியிருந்தது. “எல்லாத்தையும் வெட்டி விட்டுரும்மா” என்றேன். நான் செய்த பாவம் அந்த ஒரு வாக்கியம். கடைசிப் பிசிறை வெட்டியதும் நிமிர்ந்து, “பசிக்கி சார்” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் கணவர் அந்தோணி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“போட்டோவக் காட்டினா, இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்கா சார். அழுதாலும் பரவால்ல. எங்க பிள்ளைய அவகிட்ட திருப்பிக் குடுத்துருங்க.”

மறுபடியும் பனியனைக் கொடுத்தேன். என்னென்னவோ கேட்டேன். கைகள் வெட்டின, முகத்தில் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும், நான் நினைக்காமலே என் வாய் சொன்னது: “அம்மாவோட இடது காது மடலைப் பிடிச்சுக்கிட்டாத்தான் அவ தூங்குவா.”

அந்தோணி எழுந்துவிட்டார். “இத ஒங்களுக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. என் குறிப்பேட்டிலும் அது இல்லை. புஷ்பம்தான் நிமிர்ந்து, “பாவம், நல்ல பிள்ள போல” என்றாள்.

அவர்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். நான் சிகிச்சையை நிறுத்தினேன், எழுதி வைத்திருந்ததைக் கிழித்தேன். அமலியோ நாலு வருடமாக என்னிடம் வந்துகொண்டே இருக்கிறாள்: எந்தப் பாவாடை பிடிக்கும், எந்த நாய்க்குப் பயம் என்று. வருவதையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்புகிறேன். அந்தோணி வாசிப்பாராம், புஷ்பம் பக்கத்து வீட்டுக் கதை போலக் கேட்டுவிட்டு, “பொறவு?” என்பாளாம். என்னால் ஆனது அவ்வளவுதான்.

போன மாதம் வந்ததை மட்டும் இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. அமலி என் முன்னால் வாயைத் திறந்து காட்டினாள். முன்பற்கள் இரண்டும் விழுந்து, அந்த இடத்தில் புதுப்பல் முளைத்திருந்தது.