மாட்டிவைக்கும் படிப்பு

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லக்கூடாது. ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு மூட்டுவலி மாத்திரையும் சேர்த்துப் போடலாமா என்று நேற்று ஒரு மூதாட்டி கேட்டார். பதில் நாக்கு நுனியில் நின்றது. பார்மஸிஸ்டிடம் கேளுங்கள் என்றேன். உதவியாளருக்கு இங்கே அதுதான் சட்டம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டார். கவலைப்படாதே, நீயும் ஒருநாள் படிக்கலாம் என்று தோளில் தட்டினார். படித்துவிட்டுத்தானம்மா வந்திருக்கிறேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊர் ஆரணியில் டாக்டர் சீட் கிடைக்காதவர்களையெல்லாம் பார்மஸிக்குத் தள்ளிவிடுவார்கள். என்னையும் தள்ளினார்கள். பி.பார்ம் முடித்தால் அமெரிக்காவில் ராஜவாழ்க்கை என்று அட்மிஷன் ஏஜென்ட் அடித்துச் சொன்னார். நான்கு வருடம் படித்தேன், மேலே எம்.பார்மும் படித்தேன். இங்கே வந்தால், தகுதித் தேர்வு எழுதவே முதல் பட்டம் ஐந்து வருடப் படிப்பாக இருக்கவேண்டுமாம், எம்.பார்ம் கணக்கிலேயே வராதாம். இதை ஒருவர்கூடவா முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாது? நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதனால்தான் தங்கை பிரியா பிளஸ் டூ முடித்ததும், ஆறு வருட பார்ம்.டி-யில் சேரச் சொல்லிப் போனில் மன்றாடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மாமாவுக்கு வேறு திட்டம். இரண்டு வருட டிப்ளமோ போதுமாம். கடை லைசென்ஸுக்கு ஒரு பார்மஸிஸ்ட் சர்டிபிகேட் வேண்டும், அவளுடையது அவர் கடைச் சுவரில் தொங்கும். அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடலாம். மருந்தை யாரோ படிக்காத ஆள் எடுத்துக் கொடுப்பான். போனில் நான் போட்ட சத்தத்தில், வீட்டில் அப்பா பவர்லூமையே நிறுத்திவிட்டார்.

பிரியா நிதானமாகச் சொன்னாள்: "டிப்ளமோவே படிக்கிறேங்க்கா. அமெரிக்கா வர்றதுக்கா நான் படிக்கிறேன்? ஆனா என் சர்டிபிகேட் தொங்கற கடையில நான்தான் நிப்பேன். மாமாகிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் மேல் கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"அவ நின்னே தீருவேன்னு அடம் புடிச்சிகினு இருக்கா. உன் சர்டிபிகேட்டு சும்மாதானே கெடக்குது? அங்கதான் அத்த யாரும் மதிக்கலன்றியே. அனுப்பிவுடு, நான் மாட்டிக்கிறேன்."

முடியாது என்று போனை வைத்தேன். நான் நிற்கிற ஊரில் நான் பார்மஸிஸ்ட் இல்லை. நான் இல்லாத ஆரணியில், சுவரில் ஒரு ஆணி அடித்தால் போதும், நான் பார்மஸிஸ்ட்.