வாசலை மட்டும் பார்க்கும் கேமரா

வலது கையுறையை உரித்துப் போட்டுவிட்டு, சட்டைப்பையில் துள்ளும் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறாள். திரையில் அவள் வீட்டு முற்றம், வெயில், கொடியில் ஆடும் பழுப்புத் துண்டு. "ஒண்ணுமில்ல டாக்டர், துண்டு" என்று புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, எச்சில் உறிஞ்சும் குழாயை மறுபடி பிடிக்கிறாள். வாயைப் பிளந்து படுத்திருப்பவருக்கு, என்ன துண்டு, யார் துண்டு என்று கேட்க வழியில்லை.

அந்தப் பல் மருத்துவமனையில் அவளுக்கு 'அலர்ட் அக்கா' என்று பெயர். நாற்காலியில் பயந்து நடுங்குகிறவர்களை அவள்தான் வழிக்குக் கொண்டுவருவாள். "கண்ண மூடாதீங்க, மூடுனா கற்பனை ஜாஸ்தியாயிடும். என் கம்மலப் பாருங்க" என்பாள். அதற்கென்றே தோளைத் தொடும் கம்மலாகப் பார்த்து வாங்குவாள்.

வீட்டில் மாமனார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இப்போது நினைவு வந்து வந்து போகிறது. மதியம் கணவன் வேலைக்குக் கிளம்பிவிட்டால், அவள் திரும்பும்வரை அவர் தனி. திடீரென்று எழுந்து, "டூட்டிக்கு நேரமாச்சு" என்று நடையைக் கட்டிவிடுவார். கேட்டைப் பூட்டிப் பார்த்தார்கள். தட்டித் தட்டிக் கை வீங்கிப்போனது. பூட்டை எடுத்துவிட்டுக் கேமரா வைத்தார்கள்.

கேமராவோ சும்மா இருக்கத் தெரியாத பிறவி. பூனை போனால் அலர்ட். முருங்கைக் கிளையின் நிழல் தரையில் அசைந்தால் அலர்ட். தெருவில் கார் போனால், லென்ஸில் சிலந்தி ஊர்ந்தால், எல்லாவற்றுக்கும் அலர்ட். கையுறைப் பெட்டி காலியாகும் வேகத்தைப் பார்த்து டாக்டரே ஒருநாள், "சிஸ்டர், உங்க வீட்டுல காத்தடிச்சா எனக்குச் செலவாகுது" என்றார்.

அன்றைக்குக் கூட்டம் வேறு. கைப்பேசியின் வாயை அடைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து மாமனார் கிளம்பிவிட்டார். நாற்சந்தியின் நடுவில் நின்றவருக்கு ஒரு சாண் தள்ளி லாரி நின்றதாம். சட்டைப்பையில் இருந்த விலாசத்தைப் பார்த்து, அவள் வீடு திரும்பிய நேரத்துக்கு லாரிக்காரரே ஏற்றிவந்து விட்டார். மாமனார் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவள்தான் அவர் கை காலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

கேமரா மாட்டியவருக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள். "அது முற்றம் முழுக்கப் பாக்குதுக்கா. கேட்டச் சுத்தி மட்டும் கட்டம் போடுங்க. 'மனுசங்க மட்டும்'னு ஒண்ணு இருக்கும், அதத் தொடுங்க. சென்சிட்டிவிட்டியக் கொஞ்சம் கொறைங்க" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கிளையை வெட்டினாள். கொடியைக் கொல்லைப்புறம் மாற்றினாள். ஸ்டூலில் ஏறி லென்ஸைத் துடைத்தாள். திரையில் விரலால் கேட்டைச் சுற்றிக் கட்டம் போட்டாள். "மாமா, கேட்டுவரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க." போனார். கேட்டைத் தாண்டியும் போனார். கைப்பேசி வாயே திறக்கவில்லை. அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஓடிப்போய் அவரை அழைத்துவந்து, கொஞ்சம் கூட்டினாள்.

"இன்னும் எத்தன ட்ரிப்பும்மா?"

"இதுதான் கடைசி ட்ரிப் மாமா."

கைப்பேசி துள்ளியது. பூனை குறுக்கே போனபோது சும்மா இருந்தது.

அதன்பிறகு வந்த நிசப்தம் அவளுக்குப் பழகவில்லை. கேமரா செத்துக்கித்துப் போய்விட்டதோ என்று பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவுக்குப் போன் செய்வாள். "எங்க கேட்டத் தொறந்து ஒரு எட்டு வெச்சுக் காட்டுங்களேன்." "எனக்குத் தைக்கிற வேலை இருக்கு தாயே" என்று சலித்துக்கொண்டே அந்த அக்கா வந்து நிற்பார். கைப்பேசி துள்ளும். இவளுக்கு மூச்சு வரும்.

பிறகு ஒரு மதியம், வேர் சிகிச்சை பாதியில் இருக்கும்போது துள்ளியது.

"துண்டா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். மாமா."

சட்டையின் பித்தான்களையெல்லாம் போட்டு, கையில் பையோடு கேட்டருகே நின்றார். அவள் போன் போட்ட சூட்டோடு, கழுத்தில் அளவு டேப் தொங்கத் தையல்கார அக்கா திரைக்குள் ஓடிவந்தார். "வண்டி ரிப்பேருக்குப் போயிருக்குங்கய்யா. உக்காருங்க, வந்ததும் சொல்லி அனுப்பறேன்." மாமனார் யோசித்தார். தலையை ஆட்டினார். திரும்பி நடந்தார்.

இவள் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டாள். நோயாளி திறந்த வாயோடு "ஆ?" என்றார். "உள்ள போயிட்டாருங்க" என்றாள். அவர் படுத்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டாக்டர் புதுக் கையுறையை எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது, மாமனார் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "வண்டி இன்னும் வரல" என்றார்.

"வரட்டும் மாமா" என்று இன்னொரு நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.