அத்தை பார்த்த கார்க் பட்டணம்

எங்கள் அப்பா கேள்வி கேட்கிற மனிதர் அல்ல. வெளியே மழை பெய்கிறதா என்றுகூட யாரிடமும் கேட்கமாட்டார், ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துக்கொள்வார் என்று அம்மா சொல்வாள். பாளையங்கோட்டையில் கச்சேரி குமாஸ்தாவாக இருந்தார். பகல் முழுக்க ஊரார் வழக்கைக் கேட்டு எழுதிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச்சு சலித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள், ரயிலடியிலிருந்து வண்டி ஏறி ஊர் வந்து சேரும் மட்டும், ஓயாமல் கேள்வி கேட்டார். அத்தனையும் அயர்லாந்து தேசத்தில் கார்க் என்கிற ஒரு பட்டணத்தைப் பற்றி. முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். எனக்கு எட்டு வயது.

அந்தப் பட்டணத்துக்குப் போய்வந்தவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. இளம்வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். ஆற்று அணைக்கட்டு வேலைகளைப் பார்த்துவந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் வீட்டில் ஆயாவாகச் சேர்ந்தாள். துரைசானி பிறந்த வீட்டுக்குக் கப்பல் ஏறியபோது அவர்களுடைய பெண்குழந்தை அத்தையின் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதது. அதனால் அத்தையும் கப்பல் ஏறினாள். தன் மகனை எங்களிடம் விட்டுப் போனாள்.

"அந்தப் பிள்ள அழுததுக்கு ஆயாவையே குடுத்துட்டாக. நம்ம பிள்ள அழுததுக்கு ஒரு கருப்பட்டி மிட்டாய் கெடச்சுது" என்று அம்மா அன்றைக்குச் சொன்னாள்.

கார்க் என்றால் மருந்துச் சீசாவை அடைக்கிற தக்கை என்றுதான் அத்தை மகனுக்கும் எனக்கும் தெரியும். அவன் என்னைவிடச் சின்னவன். அந்த ஊரில் வீடெல்லாம் தக்கையால் கட்டியிருப்பார்கள், வெள்ளம் வந்தால் எல்லாம் ஜம்மென்று மிதக்கும் என்று இரண்டு பேரும் முடிவு கட்டியிருந்தோம்.

வெள்ளம் எங்கள் ஊருக்குத்தான் வந்தது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் வாந்திபேதி பரவியது. காலையில் என்னோடு உட்கார்ந்து பழையது சாப்பிட்ட அத்தை மகனை மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். அதற்குள் அத்தை திரும்பி வருகிற கப்பலில் ஏறிவிட்டிருந்தாள். வழியில் கப்பல் நிற்கிற கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர் மூலமாகச் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. அப்பா ஒப்பவில்லை.

"தண்ணிக்கு நடுவுல தனியா வாறவகிட்ட இதச் சொல்லக்கூடாது. தரையில கால் வைக்கட்டும். நானே சொல்லுதேன்."

தூத்துக்குடி ரயிலில் அத்தை வந்து இறங்கிய அன்று, அப்பா என்னையும் ரயிலடிக்குக் கூட்டிப்போனார். ஏன் கூட்டிப்போனார் என்று தெரியவில்லை. தனியாகப் போகப் பயந்திருக்கலாம். நீ வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அத்தை மெலிந்திருந்தாள். காலில் பூட்ஸ் போட்டிருந்தாள். இறங்கியதும் கூட்டத்தில் எங்களுக்குப் பின்னால் தேடினாள்.

"பயல எங்க அண்ணே?"

அப்பா அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "வண்டி நிக்குது. ஏறு மொதல்ல."

வண்டிக்காரர் மேலப்பாளையத்து சாயபு. நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் மாடு நகர்ந்தது. "பள்ளிக்கூடம் போயிருக்கானா, மக்கா?" என்று அத்தை என் தாடையைத் தொட்டாள். நான் வாயை இறுக்கிக்கொண்டேன். அப்பா தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏளா, அந்தக் கார்க்கு பட்டணம் எப்படி இருக்கும்?" என்றார்.

அத்தை சிரித்துவிட்டாள். அண்ணன் தன்னிடம் ஒன்றைக் கேட்கிறாரே என்ற சந்தோஷம் அவளுக்கு.

"பயல்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். சரி, நீங்க கேட்டுட்டீக" என்று தொடங்கினாள். "அங்கயும் நம்மளப்போல ஒரு ஆறு. ஊருக்குள்ள வந்ததும் ரெண்டாப் பிரிஞ்சு, ஊர நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் ஓடுது. எங்கன திரும்பினாலும் பாலம்."

"பாலமெல்லாம் கல்லா, இரும்பா?"

"கல்லும் உண்டு, இரும்பும் உண்டு."

எங்கள் வண்டியும் அப்போது பாலத்தில் ஏறியிருந்தது. கீழே தாமிரபரணி நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தைக் கடந்ததும் பாளையங்கோட்டை ரோட்டில் நேரே போகவேண்டிய வண்டியை அப்பா மேலப்பாளையம் வழியாக விடச் சொன்னார்.

"எங்க ஊர் வழியாவா? அங்க யாரையும் பாக்கணுமா அண்ணாச்சி?" என்றார் சாயபு.

"இல்ல. சும்மாதான். பைய போங்க."

"நேர் ரோடு சும்மா கெடக்கு, சுத்திப் போவச் சொல்லுதாக" என்று சாயபு மாட்டிடம் சொல்லிக்கொண்டார்.

அத்தை அதைக் கவனிக்கவில்லை. மேட்டின்மேல் இருக்கிற ஒரு கோயில் கோபுரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் நாலு கடிகாரமாம், ஒன்று காட்டுகிற மணியை இன்னொன்று காட்டாதாம். நாலு மூஞ்சிப் பொய்யன் என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம்.

"உச்சியில என்ன, சிலுவையா?" என்றார் அப்பா.

"மீனு அண்ணே! தங்கம் பூசின மீனு. காத்தடிக்கிற பக்கம் திரும்பும். மேல ஏறிப்போனா கயித்தப் பிடிச்சு நாமளே மணி அடிக்கலாம். நானும் ஒரு தடவ அடிச்சேன், பயல நெனச்சுக்கிட்டு."

"வேற கோயில் உண்டா?" என்றார் அப்பா அவசரமாக.

உண்டாம். அதன் கூரையில் பொன்னால் ஒரு தேவதூதன் இரண்டு எக்காளத்தோடு நிற்கிறானாம். அவன் ஊதுகிற நாளில் மரித்தவர்கள் எல்லாரும் எழுந்திருப்பார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் நம் பயலும் எழுந்திருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் கை என் முழங்காலை அழுத்தியது. வலித்தது.

"ஊருக்கு வெளிய ஒண்ணும் இல்லியா?" என்றார் அப்பா.

மேலப்பாளையத்துத் தெருக்களில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். வண்டி ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. வீடுகளுக்குள்ளிருந்து தறிச்சத்தம் கேட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பழைய கோட்டையைப் பற்றி அத்தை சொன்னாள்.

"அதோட உச்சியில ஒரு கல்லு இருக்கு. மல்லாந்து படுத்து, தலையக் கீழ தொங்கவிட்டு அதுக்கு முத்தம் குடுக்கணும். ஆளு விழுந்துராம கால ரெண்டுபேர் பிடிச்சுக்கிடுவாக. குடுத்தவுகளுக்கு நல்ல பேச்சு வருமாம். எப்பேர்ப்பட்ட சேதியையும் மனசு நோகாமச் சொல்லத் தெரியுமாம். அதுக்குன்னு எங்கெங்க இருந்தோ வாறாக."

"நீ குடுத்தியா?"

"ஆயாவுக்கு எதுக்கு அண்ணே பேச்சு? பிள்ளயத் தூக்கிக்கிட்டுக் கீழ நின்னேன்."

அப்பா வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வந்திருந்தா குடுத்திருப்பேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா தலைகீழாகத் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்பா கேட்காமலே அத்தை மறுபடி பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"கப்பல் ஏறுத துறை கொஞ்சம் தள்ளி இருக்கு. அமெரிக்காவுக்குப் போற பிள்ளைகள வழியனுப்ப ஊர் ஊரா வந்து நிப்பாக. வயசான பொம்பளைக ஒண்ணையொண்ணு கட்டிக்கிட்டு, அப்படியே நம்மளப்போல ஒப்பாரி வைக்காக."

"யாரு செத்துப்போனா அத்தை?" என்றேன்.

"யாரும் சாவல மக்கா. இனிப் பாக்கமாட்டோம்னு அவுகளுக்குத் தெரியும். அதான். எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள்.

அப்பா எதுவும் கேட்கவில்லை. அத்தைதான் கேட்டாள்.

"இன்னும் என்ன அண்ணே கேக்கணும்?"

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"சாயபு அண்ணாச்சி, கல்லறைத் தோட்டத்துக்கு விடுங்க" என்றாள்.

சாயபு திரும்பிப் பார்த்தார். அப்பாவின் தோள்கள் குலுங்குவதைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் மாட்டைத் தட்டினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நான் சொல்லலப்பா, நான் ஒண்ணுமே சொல்லல" என்று அழுதேன். யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. தோட்டத்து வாசலில் அத்தை வெறுங்காலோடு இறங்கினாள். புது மண் எது என்று யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அடுப்படி வேலை செய்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். கோடை விடுமுறையில் ஒருநாள், அந்தக் கார்க் பட்டணத்தில் இன்னும் என்னவெல்லாம் இருந்தது என்று அவளிடம் கேட்டேன். வண்டியில் சொன்னதோடு ஒரு பட்டணம் முடிந்துவிடுமா என்ன?

"அதான் உங்கப்பா எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டாகள்லா" என்றாள், சடையை இறுக்கிக்கொண்டே.

எனக்கு அப்பாவின் மேல் ஆத்திரமாக வந்தது. ஜென்மத்தில் ஒரு கேள்வி கேட்காதவர், நல்ல ஊர் ஒன்று அகப்பட்டதும் எனக்கு ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் கேட்டுத் தீர்த்துவிட்டாரே என்று பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரம் மட்டும் அத்தைக்கு மகன் உயிரோடு இருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.