பெண் கொடுத்த ஊர்த் தண்ணீர்

பட்டேரிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவளுக்கு முன்னால் பிறந்த அக்காக்கள்தான் காரணம். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், வடக்கே அந்தப் பக்கத்தில் கடைசியாக வந்தவளுக்கு 'போதும் போதும்' என்று பொருள்படும்படி இப்படியொரு பெயரை வைத்துவிடுவார்கள். அது கடவுள் காதில் விழுந்து, அடுத்ததைப் பையனாக அனுப்புவாராம். அனுப்பவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியது. பட்டேரி அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததில்லை. பிடித்தால் விடாத பிள்ளையாக வளர்ந்து, பாலன்வாஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கேயும் அப்படித்தான் இருந்தாள்.

பாலன்வாஸில் ஒரு தானிய மண்டியும் ஒரு பஸ் ஸ்டாண்டும் உண்டு. அந்த தைரியத்தில் ஊர்க்காரர்கள் அதை டவுன் என்பார்கள். மண்டிச் சுவரைத் தாண்டினால் கோதுமை வயல்தான். பட்டேரியின் வயலும் அங்கேதான் இருந்தது. அந்த வருஷம் கதிர் முற்றி நிற்கும்போது பேய்க்காற்று அடித்து, பயிர் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. படுத்த பயிரை மெஷின் அறுக்காது, கையால்தான் அறுக்க வேண்டும். பீகாரிலிருந்து வந்த ஆட்களை எல்லாம் மற்றவர்கள் முன்னாலேயே பிடித்துப் போய்விட்டார்கள். பட்டேரியின் புருஷன் தல்பீர் டிராக்டரிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டுடன் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். அந்தச் சமயம் பார்த்துத்தான் தல்பீரின் அண்ணன் ரோத்தாஸ் வந்தார்.

"தம்பி, என் ஆளுங்களை விட்டு உன் வயலையும் சேத்து அறுத்துடறேன். இனிமே உன் நிலத்தையும் நானே உழுதுக்கறேன். வெளையறதுல உன் பங்கு வீடு தேடி வரும். படுத்த கால் எப்ப எழுந்திருக்குமோ, பாவம்."

அவர் கைக்குப் போன நிலம் எதுவும் திரும்பி வந்ததாக ஊரில் சரித்திரம் கிடையாது. தல்பீர் சும்மா தலையாட்டினான். அவனுக்கு அண்ணன் எதிரில் கழுத்து ஒரு பக்கமாகத்தான் ஆடும்.

புருஷனின் அண்ணன் எதிரில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டும், அவரிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. பட்டேரி எருமையிடம் பேசுவாள். எருமைக்கு ஒன்றும் விளங்காது, ரோத்தாஸுக்கு எல்லாம் விளங்கும்.

"ஏ எருமை, கால் ஒடஞ்சது அவருக்கு. எனக்குக் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எங்க கோதுமையை நாங்களே வீடு சேத்துக்கறோம்."

ரோத்தாஸ் சிரித்தார். "சரிதான் தம்பி. உன் பொண்டாட்டி அடுத்த மழைக்கு முன்னாடி மொத்தத்தையும் சேத்துட்டா, நான் இந்தப் பேச்சே எடுக்கல. ஒரு மூலை நின்னாலும் நிலம் என் பொறுப்பு. என்ன?"

தல்பீர் அதற்கும் தலையாட்டினான். பட்டேரி அன்றே லோத்கேடியில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டாள்.

அப்பா சாஜூராம் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபதைத் தாண்டியவர், மீசைக்கு மட்டும் இன்னும் நாற்பது. கையில் சொந்த அரிவாள், துணியில் கட்டிய ரொட்டி, தோளில் ஒரு தண்ணீர்க் குடுவை. பெண் கொடுத்த வீட்டில் அவர் கை நனைப்பதில்லை. வீடு என்ன, அந்த ஊர் எல்லைக்குள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். பெண்ணைக் கொடுத்தவன் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஒரு மடக்குத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு, பெண்ணின் பிறந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது உண்டு. பேரப்பிள்ளை பிறந்ததற்கு வந்தபோதுகூட வாசலில் உட்கார்ந்து, பார்த்து, எல்லோருக்கும் துணிமணி கொடுத்துவிட்டு, வறண்ட தொண்டையோடு பஸ் ஏறியவர் அவர்.

சித்திரை வெயில் சுட்டுப் பொசுக்கியது. உச்சி வேளைக்குள் குடுவை காலி. அவர் வடிகால் வாய்க்காலைத் தாண்டி, கருவேல மரத்தடியில் ஓடிக்கொண்டிருந்த பம்ப்செட்டைப் பார்த்தார்.

"அது தூலானா ஊர் எல்லைதானே? உனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தப்ப இந்த வாய்க்காலோட உங்க ஊர் முடியுதுன்னு காமிச்சாங்க."

அப்போது எல்லை அங்கேதான் இருந்தது. பிறகு நிலங்களை அளந்து மாற்றிப் பிரித்தார்கள், கருவேல மரமும் பம்ப்செட்டும் பாலன்வாஸ் பக்கம் வந்துவிட்டன. அதுவும் யார் பங்குக்கு? ரோத்தாஸ் பங்குக்கு. பட்டேரி வாயைத் திறந்தாள். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததையும் உதடு வெடித்திருந்ததையும் பார்த்தாள். உண்மையான எல்லை தூலானாப் பாலத்துக்கு அந்தப் பக்கம், போய் வருவதற்குள் அரை வேளை போய்விடும்.

"போய்க் குடிங்கப்பா," என்றாள்.

அவர் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து மீசையைத் துடைத்தார். "தூலானாத் தண்ணி தேன் மாதிரி இருக்கும்மா. நம்ம ஊர்லயும்தான் இருக்கே, வாயில வச்சா உப்பு."

இப்படியே இரண்டு மூன்று நாள் ஓடியது. சாயங்காலம் பஸ்ஸில் போவார், விடிந்ததும் வருவார். அப்பாவும் மகளும் குனிந்த இடுப்பு நிமிராமல் அறுத்தார்கள். பட்டேரிக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் ஒவ்வொரு தடவை அவர் வாய்க்காலைத் தாண்டும்போதும் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக அறுத்தாள். பாவம் வருவதாக இருந்தால் கோதுமை வீடு சேர்ந்த பிறகு வரட்டும் என்று நினைத்தாள்.

ரோத்தாஸும் தினம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மனுஷன் சொல்லவில்லை. வயலில் முக்கால் பாகம் தீர்ந்து, இனி இவர்கள் முடித்துவிடுவார்கள் என்று தெரிந்த அன்றைக்குப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்.

"என்ன சௌத்ரி ஐயா, நம்ம பம்ப்செட் தண்ணி இனிக்குதா?"

சாஜூராம் நிமிர்ந்தார். "உங்களுதா? அது தூலானாக்காரங்களுது இல்ல?"

"நல்லா கேட்டீங்க போங்க! எல்லை மாறி எத்தனை வருஷமாச்சு. உங்க பொண்ணு சொல்லலையா? ஊரெல்லாம் கௌரவம் பேசற மீசை, எங்க தண்ணியில நல்லா நனைஞ்சிருக்கு."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சாஜூராம் மகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே குடிக்க விட்டியா?"

"சொல்லியிருந்தா வெயில்ல சுருண்டு விழுந்திருப்பீங்க. விழுந்த அப்பனுக்குக் கோவிச்சுக்கிட்ட அப்பன் தேவலைன்னு விட்டுட்டேன்."

அவர் அரிவாளைத் துண்டில் சுற்றினார். வரப்பில் ஏறி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். மண்டிச் சுவர் திரும்பும்வரை பட்டேரி பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தன் பெயரை எத்தனையோ பேர் கிண்டல் செய்தபோது வராத வலி அவளுக்கு அப்போது வந்தது.

"தம்பி பொண்டாட்டிகிட்ட யாராவது சொல்லுங்கப்பா," என்றார் ரோத்தாஸ் காற்றைப் பார்த்து. "நாளைக்குக் காலையில என் ஆளுங்க தயாரா இருப்பாங்க."

பட்டேரி முக்காட்டை இழுத்துவிட்டுக் கையிலிருந்த அரிவாளிடம் பேசினாள். "அருவாளே, இங்க யாரும் ஆள் கேக்கல. நாளைக்கும் நீயும் நானும்தான். வெயில்ல நிக்கறவங்க வீட்டுக்குப் போகலாம்னு சொல்லு."

அன்று கண் தெரிகிறவரை அறுத்தாள். வீட்டுக்கு வந்தபோது தல்பீர், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மீதி வார்த்தையை விழுங்கிவிட்டான்.

காலையில் அவள் வயலுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் தடதடவென்று டிராக்டர் சத்தம் கேட்டது. ரோத்தாஸின் ஆட்கள் என்று நினைத்து, அரிவாளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போய் மறித்து நின்றாள். வந்தது லோத்கேடி டிராக்டர். டிரெய்லர் நிறையப் பிறந்த வீட்டு ஜனம், நடுவில் பெரிய நீல டிரம். டிரைவர் பக்கத்தில் மட்கார்டில் சாஜூராம், முறுக்கின மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

இறங்கியவர் மகளைப் பார்க்காமல் வயலைப் பார்த்துச் சொன்னார். "எங்க தண்ணியை நாங்களே கொண்டாந்துட்டோம். எவன் பம்ப்செட்டையும் தொட வேண்டிய அவசியமில்ல. வேலையப் பாருங்கடா!"

சித்தப்பா மகன் ராம்பத் ஒரு சொம்பை நிரப்பிப் பட்டேரியிடம் நீட்டினான். "இந்தாக்கா, குடி. டவுன் தண்ணி குடிச்சுக் குடிச்சு எங்க உப்புத் தண்ணியை மறந்திருப்பியே!"

"மறக்கறதா? வந்த புதுசுல இங்கத்துத் தண்ணி எனக்கு ருசியே இல்லாம இருந்துச்சுடா," என்று வாங்கினாள். அதே உப்பு. குடித்துவிட்டு முகத்தையும் நனைத்துக்கொண்டாள், கண்ணில் வந்தது எது என்று யாரும் கேட்காமலிருக்க. அப்பா வந்துவிட்டார், பேசாவிட்டால் போகட்டும் என்றிருந்தது.

பத்துக் கைகள் சேர்ந்தால் வேலை பறக்காதா? ஆனால் வெயிலும் சளைக்கவில்லை. மத்தியானம் தாண்டியதும் ராம்பத் டிரம்மைச் சாய்த்துப் பார்த்தான். சொட்டு இல்லை. நிமிர்ந்தால் மேற்கே வானம் புழுதி நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. மூலையில் இன்னும் ஒரு துண்டு நின்றது, அறுத்ததில் பாதி கட்டாமல் கிடந்தது. அறுத்தவர்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பெண் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் என்ன சொல்கிறார் என்று எல்லோரும் சாஜூராமைப் பார்த்தார்கள்.

"தூலானாப் பாலம் தாண்டிப் போய்க் குடிச்சிட்டு ஓடி வந்துடலாம் பெரியப்பா," என்றான் ராம்பத்.

ரோத்தாஸ் தன் ஆட்களோடு வரப்பில் வந்து நின்றார். "தாராளமா போய்ட்டு வாங்க. மழை காத்துக்கிட்டு இருக்கும் பாருங்க! பேசினது ஞாபகம் இருக்கில்ல? ஒரு மூலை நின்னாலும்..."

பட்டேரி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து அறுத்துக்கொண்டே இருந்தாள். அறுக்க அறுக்க அந்த மூலை அப்படியே இருப்பதுபோல் தெரிந்தது.

சாஜூராம் வானத்தைப் பார்த்தார். மிச்சம் கிடந்த பயிரைப் பார்த்தார். மகளின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வரப்போரம் ஈரத்துணி சுற்றி வைத்திருந்த அவள் வீட்டுத் தண்ணீர்ப் பானை அருகில் போய் நின்றார்.

"பட்டேரி, இங்க வா."

நேற்றிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் ஓடி வந்தாள். அவர் குனிந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து வைத்துக்கொண்டார்.

"ஊத்து."

அவளுக்குக் கை எழவில்லை. "அப்பா, வேணாம்ப்பா. பாலம் தாண்டிப் போய்ட்டு வாங்க, அதுக்குள்ள நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தைப் பாத்துப்பே? அன்னிக்கு என்னைக் கேக்காம குடிக்க வச்சே. இன்னிக்கு நானா கேட்டுக் குடிக்கறேன். ஊத்தும்மா, மேகம் வருது."

அவள் ஊற்றினாள். வயல் முழுக்கக் குனிந்த தலைகள் நிமிர்ந்தன. சாஜூராம் கண்ணை மூடிக்கொண்டு மடக்கு மடக்கென்று குடித்தார், முழங்கை வழியே வழிந்தது, போதும் என்று சொல்லவே இல்லை. பிறகு மீசையைத் துடைக்காமலே திரும்பினார்.

"பெத்தவன் நானே குடிச்சாச்சு. இனி உங்களுக்கு என்னடா? எல்லாரும் வந்து குடிச்சிட்டு, அறுங்க!"

ராம்பத் முதலில் ஓடி வந்தான். பின்னாலேயே மற்றவர்கள். பட்டேரி ஊற்றிக்கொண்டே இருந்தாள், பானை தீர்ந்ததும் ராம்பத் அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பம்ப்செட்டுக்கே போனான். ரோத்தாஸைத் தாண்டும்போது, "மாமா, தேன் மாதிரி இருக்குமாமே!" என்றான். ரோத்தாஸ் சிரிக்கவில்லை.

காற்று புழுதியை வாரி இறைத்தபோது கடைசிக் கட்டு டிரெய்லரில் ஏறிவிட்டது. வீட்டு முற்றத்துக் கொட்டகைக்குள் டிரெய்லரைத் தள்ளவும் மழை ஊற்றவும் சரியாக இருந்தது. ஒரு மூலைகூட நிற்கவில்லை. கட்டிலிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து நின்ற தல்பீர், பின்னாலேயே வந்து வாசலோடு திரும்பிப் போன அண்ணனைப் பார்த்து, "வர்ற விதைப்பையும் நாங்களே பாத்துக்கறோம் அண்ணா!" என்று கத்தினான். அவன் கழுத்து ஆடாமல் பேசி அன்றுதான் பட்டேரி பார்த்தாள்.

பிறந்த ஊர்க்காரர்கள் நனைந்துகொண்டே தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். பட்டேரி அடுப்பை மூட்டினாள். மற்றவர்களுக்கெல்லாம் ரொட்டியும் பருப்பும் வைத்துவிட்டு, பழக்கத்தில் அப்பாவைத் தாண்டிப் போனாள்.

"எனக்கு எங்க?" என்றார் சாஜூராம்.

அவள் நின்றாள்.

"தண்ணியே குடிச்சாச்சு, இனி ரொட்டிக்கு மட்டும் என்ன கேடு? போடு."

அவள் தட்டை வைத்தாள். நெய்யைத் தாராளமாக ஊற்றியதில் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவர் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் வைத்து, மென்றார்.

"உங்கம்மா வைக்கிற மாதிரியேதான் வைக்கிறே. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார்.

பட்டேரி பக்கத்திலேயே உட்கார்ந்து, அடுத்த ரொட்டியைப் பிய்த்து அவர் தட்டில் போட்டாள்.